புளி போட்டுத் துலக்கிய மூடிகள்

ஆலங்காயத்துக்கு வெளியே ஒரு கொட்டகையில், துகள் முடுக்கிகளுக்கான காந்தங்களைக் குளிரவைத்துச் சோதிக்கிறார்கள். அங்கே ஹீலியம் குளிரூட்டும் எந்திரம் கோகிலவாணியின் பொறுப்பு. காவலூர்ப் பக்கத்து மலைப்பெண். தினமும் ஸ்கூட்டியில் இறங்கி வருவாள். திரவ ஹீலியத்தில் மூழ்கினால்தான் காந்தத்தின் கம்பிச்சுருள் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும். கொஞ்சம் சூடு ஏறினாலும் போச்சு! எந்திரத்தின் உறுமல் சீராக இருந்தால்தான் அவளுக்குச் சோறே இறங்கும்.

போன வருஷ ஆயுத பூஜைக்கு எந்திரத்தை நிறுத்தித் துடைத்தார்கள். குழாய் மாட்டும் பிட்டர் தேவராஜுக்குப் பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. "கோகிலா, ஒங்க மலைப்புளி கொஞ்சம் கொண்டாம்மா" என்று கேட்டு வாங்கி, குழாய் முனைகளின் பித்தளை மூடிகளைக் கழற்றித் துலக்கினான். அடடா, என்ன பளபளப்பு! குங்குமம் வைத்து, ஈரத்தோடு திருப்பி மாட்டிவிட்டான்.

மறுநாள் குழாய்களைக் காயவைத்துத்தான் தொடங்கியிருக்க வேண்டும். மூடி போட்டுத்தானே இருந்தது என்று கோகிலவாணி விட்டுவிட்டாள். குளிர ஆரம்பித்ததும் ஹீலியம் ஓட்டம் குறைந்துகொண்டே வந்தது. கொட்டகைக்கு வந்த முதல் காந்தம் அது. அதற்கு உரியவர்கள் அடுத்த நாள் காலையில் பார்க்க வருகிறார்கள்.

"அழுத்தத்த ஏத்திப் பாரேம்மா" என்றார் மேலாளர் சந்திரன்.

"வேணாங்க சார். உள்ள தண்ணி உறைஞ்சிருக்கு. ஐஸ் பேந்து, உள்ள வேகமா சுத்துற டர்பைன்ல அடிச்சா மெசினே காலி. சூடாக்கி, காயவெச்சு, மொதல்லேந்து ஆரம்பிக்கணும்."

"வர்றவங்களுக்கு இன்னா சொல்றது?"

"இன்னும் குளிரலன்னு சொல்லுங்க."

"தண்ணி எப்டிப் போச்சு? யார் வேல இது?"

மூலையில் தேவராஜின் முகம் வெளிறியது. ஒப்பந்த ஆள்; அவன் பேரைச் சொன்னால் சீட்டு கிழிந்துவிடும்.

"புளி எங்க வூட்டுதுங்க சார். காயவெக்காம ஓட்டுனதும் நான்தான்."

சந்திரன் அவளையும் பளபளக்கும் மூடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, மொதல்லேந்து ஆரம்பிம்மா" என்றார்.

வந்தவர்கள் முகம் சுளித்தார்கள், ஆனாலும் வாணியம்பாடியில் அறை எடுத்துக் காத்திருந்தார்கள். கடைசியில் காந்தம் குளிர்ந்தது. மின்சாரத்தை ஏற்ற ஏற்ற, சுருள் அசராமல் தாங்கியது. அப்பாடா! அன்றுதான் கோகிலவாணி வயிறாரச் சாப்பிட்டாள்.

இந்த வருஷப் பூஜைக்கு தேவராஜ் குங்குமத் தட்டோடு தள்ளியே நின்றான். மூடிகள் கறுத்துக் கிடந்தன.

"ஒரு பொட்டு மட்டும் வெச்சுக்கட்டுமாம்மா?"

"கிட்ட வந்தா கைய ஒடிச்சிடுவேன்ணா!" என்று அவள் சிரித்தாள்.

சாயந்திரம் வீட்டுக்குக் கிளம்ப வெளியே வந்தாள். அவளுடைய பழைய ஸ்கூட்டி, கண்ணாடிக் கம்பி முதல் சக்கரம் வரை துலக்கி, பொட்டு வைத்து, மாலை போட்டு நின்றிருந்தது. பக்கத்தில் தேவராஜ், கையெல்லாம் புளியோடு.