பீச் வண்டி போகும் வரை

செல்வமேரி ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிறாள் என்றால் முடிச்சூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த வீட்டுப் பச்சையம்மா, "எங்க பொண்ணு ரிசப்ஷனுக்கு உங்க ஆளுங்கள இட்டாந்துடு மேரி, நாலு டூயட் பாடினா போதும்" என்று, மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். இதில் பாட்டே கிடையாது, வயலினும் செல்லோவும் புல்லாங்குழலும்தான், எல்லாம் வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தது என்று செல்வமேரி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். "பாட்டே இல்லாத ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எவன் டிக்கெட்டு வாங்குவான்?" என்று பச்சையம்மா கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது.

டிக்கெட் போவதற்காகத்தான் தனசிங் விருந்தாளிகளைக் கூப்பிட்டார். தனசிங், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்தைச் சுற்றியுள்ள சர்ச்சுகளில் வயலின் பிடிக்கத் தெரிந்தவர்களையெல்லாம் சேர்த்து அந்தக் குழுவை நடத்தி வந்தார். வருஷா வருஷம் தை, மாசியில் மூன்று கச்சேரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வயலின் கன்செர்ட்டோ. அதாவது ஒருவர் முன்னால் நின்று தனியாக வாசிப்பார், மற்ற இருபத்திரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து துணை வாசிப்பார்கள். முன்னால் நிற்பவர் பம்பாயிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ கச்சேரியன்று மத்தியானம்தான் வந்து இறங்குவார்.

அப்படியென்றால் மூன்று மாத ஒத்திகையில் அந்தத் தனி வயலினை யார் வாசிப்பது? செல்வமேரிதான். பல்லாவரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். இரண்டு பேருக்கு லைன் போட்டுக் கொடுத்துவிட்டு நடுவிலிருந்து விலகிக்கொள்வது அவளுக்குத் தொழில். இங்கேயும் அதையேதான் செய்தாள். சனிக்கிழமைதோறும் முன்னால் நின்று வாசிப்பாள். விருந்தாளி வந்ததும் இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலிக்குப் போய்விடுவாள். திரும்பத் திரும்ப வந்தவை போக, ஒன்பது வருஷத்தில் பதினேழு கன்செர்ட்டோக்கள் அவள் கையில் இருந்தன. மேடையில் ஒன்றைக்கூட வாசித்ததில்லை. "ஒரு வருஷம் உனக்குத்தான்மா" என்று தனசிங் சொல்வதும், அவள் தலையாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அவளுக்கு ஆசை இல்லையா? கொள்ளை ஆசை. ஆனால் வாய் திறந்து கேட்பவளாக இருந்தால் இந்தக் கதையே இருக்காது.

1989-இல் பம்பாய் சத்தியநாதன் வந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், முப்பது வயதுகூட இருக்காது. மத்தியான ஒத்திகை, கச்சேரி நடக்கும் பள்ளிக்கூட ஹாலில் ஆரம்பித்தது. முதல் பாகம் நன்றாகப் போயிற்று. இரண்டாவது பாகம், மெதுவாக நகர்வது. அதன் முடிவில் குழு முழுவதும் நின்றுவிட, தனி வயலின் மட்டும் மேலே மேலே ஏறி ஒரு உச்ச சுரத்தில் நிற்கும். நாலு எண்ணிக்கை. அப்புறம் குழு மெல்ல வந்து சேர வேண்டும்.

சத்தியநாதன் ஏறினார், நாலு எண்ணினார், வில்லை எடுத்தார். குழு வரவில்லை. தாளம் காட்டும் தனசிங்கின் கை தூக்கியபடியே நின்றது. எல்லோரும் வில்லையும் குழலையும் தயாராக வைத்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தார்கள்.

மறுபடி வாசித்தார்கள். மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவை சத்தியநாதன் வயலினை இறக்கிவிட்டார்.

"எதுக்காக வெயிட் பண்றீங்க?"

தனசிங் தன் கையையே திகைத்துப் பார்த்தார்.

"ஒத்திகைல இத யார் வாசிச்சது?"

எல்லாத் தலைகளும் கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பின. "வந்து வாசிச்சுக் காட்டுங்க" என்று சத்தியநாதன் சொல்லிவிட்டு, இறங்கிப்போய் காலி ஹாலில் உட்கார்ந்துகொண்டார்.

செல்வமேரி வாசித்தாள். அந்த உச்ச சுரத்துக்கு வந்ததும் வில்லை எடுக்கவில்லை. சன்னமாக, மிகச் சன்னமாக இழுத்துக்கொண்டே நின்றாள். ஐந்து, எட்டு, பன்னிரண்டு எண்ணிக்கை. பிறகு தலையை லேசாக அசைத்தாள். குழு ஒரே மூச்சில் வந்து சேர்ந்தது. அப்போதுதான் அவளுக்கே புரிந்தது.

"வண்டி சார்" என்றாள், கூசிப்போய். "நாங்க ஒத்திகை பாக்குற ஹால் தண்டவாளத்த ஒட்டி இருக்கு. தனசிங் சார் டீ முடிச்சு கரெக்டா அஞ்சரைக்கு இத ஆரம்பிப்பாரு. இந்த எடம் வரும்போது பீச் வண்டி போவும். அது போற வரைக்கும் இழுத்துப் பிடிப்பேன். பழகிப்போச்சு."

தண்டவாளத்தோரம் இருப்பவர்களுக்கு வண்டிச் சத்தம் காதில் விழுவதில்லை. உடம்பில் மட்டும் தங்கிவிடுகிறது. குழுவே சிரித்தது. சத்தியநாதன் சிரிக்கவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு. இத நான் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்குங்க சார்" என்றாள் செல்வமேரி. யோசிக்கவேயில்லை. லைன் போட்டுக் கொடுத்துப் பழகிய வாய்.

சாயங்காலம் அவர் அதை அப்படியே வாசித்தார். பன்னிரண்டு எண்ணிக்கை, ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. கடைசி நாற்காலியில் செல்வமேரிக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, கேட்டுத்தானே எடுத்தார். தன்மேல்தான்.

கச்சேரி முடிந்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வீட்டுக்குப் போகும்போது அவள் கணவன் சாலமோன் பேசிக்கொண்டே வந்தான். குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் அவன். கச்சேரி என்றால் பாதியில் தூங்கிவிடுவான், அன்றைக்குத் தூங்கவில்லை.

"ஒரு எடத்துல இழுத்துகினே நின்னான் பாரு மேரி, எனக்கு அப்டியே புல்லரிச்சிப் போச்சி."

"அது என்னுது."

"இன்னாது?"

பீச் வண்டி, டீ, பன்னிரண்டு எண்ணிக்கை எல்லாவற்றையும் சொன்னாள். சாலமோன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப நீ ஏன் பின்னாடி குந்திகினு இருந்த?"

ஒன்பது வருஷமாக அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை தனசிங்கிடம் போய் நின்றாள். "சார், அடுத்த வருஷம் இதே கன்செர்ட்டோவ நான் வாசிக்கிறேன். கச்சேரில."

"விருந்தாளி பேர் இருந்தாத்தாம்மா டிக்கெட் போவும்..."

"அப்ப ஒத்திகைக்கும் விருந்தாளியவே கூப்பிடுங்க சார்."

தனசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில் நோட்டை எடுத்து 1990 என்று போட்டு அவள் பெயரை எழுதினார்.

அந்தத் தை மாதம் ஹால் முக்கால்வாசிதான் நிறைந்தது. மூன்றாவது வரிசையில் சாலமோனும், அவன் வற்புறுத்தி அழைத்து வந்த பச்சையம்மாவும். செல்வமேரி மாந்துளிர் நிறப் பட்டுப்புடவையில் முன்னால் நின்றாள். முதல் பாகத்தில் இரண்டு இடத்தில் சறுக்கினாள். இரண்டாவது பாகத்தின் முடிவில் ஏறினாள், உச்ச சுரத்தில் நின்றாள். தனசிங்கின் கை மேலே. எல்லா வில்களும் அந்தரத்தில்.

பச்சையம்மா சாலமோன் பக்கம் சாய்ந்து, "முடிஞ்சிடுச்சாப்பா?" என்று கேட்டார்.

"இரு அக்கா," என்றான் சாலமோன், கண்ணை எடுக்காமல். "வண்டி போவட்டும்."