அவள் மட்டும் பார்த்த அசைவு

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பெயர். எந்தக் குறையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அங்கே தயாராவது காதுக்குள் மருந்து விடும் பம்புகள். ஒரு கடுகின் தலையில் பத்து பம்பை வைக்கலாம், அத்தனை பொடிசு. அதற்குள் சக்கரத்தைப் பொருத்துவது ரோபோ கை. ஏசி அறை, தினம் துடைப்பு, ஒரு வசவு கிடையாது என்பதால் அதற்குப் ‘புது மாப்பிள்ளை’ என்று பெயர். பம்புக்கு ஒயர் இல்லை. தட்டுக்கு அடியிலுள்ள காந்தச் சுருளில் கரண்ட் விட்டால் சக்கரம் சுழல வேண்டும். சுழன்றதா இல்லையா என்று திரையில் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவள் தீர்ப்பைப் பார்த்து ஒரு கேமராவும் தொழில் பழகிக்கொண்டிருந்தது.

வீட்டில் கணவன் படுத்த படுக்கை. மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தவனுக்கு நினைவு திரும்பவில்லை. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். நோயாளிகளைப் பராமரிக்கும் விடுதியில் சேர்த்துவிடலாம் என்று கொழுந்தன் நச்சரித்தான்.

“விரல் அசையுதுப்பா. நான் பார்த்தேன்” என்று அவள் ஒவ்வொரு முறையும் தடுத்தாள். பூதக்கண்ணாடியே பார்த்தேன் என்றால் யார் மறுத்துப் பேசுவது?

ஒருநாள் இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டார்.

“அக்கா, கேமரா கொஞ்ச நாளா ஓடாத பம்பையெல்லாம் பாஸ் பண்ணுது. உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்.”

“நான் பாஸ் பண்ணது எல்லாம் ஓடுச்சு தம்பி.”

அவர் பதிவுகளைப் போட்டுக் காட்டினார். கரண்ட் விளக்கு எரிந்தது. சக்கரம் அப்படியே கிடந்தது. அடுத்ததும் அப்படித்தான்.

“இன்னொரு தடவை போடுங்க.”

போட்டார். அசையவில்லை.

“பொய் சொல்லல தம்பி. சுத்துனதை நிஜமாவே பார்த்தேன்.”

“தெரியும்க்கா. வேலைக்கு ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நாள் லீவு எடுங்க.”

வேலையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? அவர் திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் காத்திருந்தான்.

“அண்ணி, இன்னிக்கு அண்ணன் விரல் அசைஞ்சுதா?”

“நீயே போய்ப் பாரு. அசைஞ்சா என்னைக் கூப்பிடு.”

அவள் சமையலறையில் போய் உட்கார்ந்தாள். அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை, சத்தத்தில் கொழுந்தன் குரல் கேட்காமல் போய்விடக் கூடாதே. அவன் கட்டிலருகே வெகுநேரம் நின்றிருந்தான். கூப்பிடவே இல்லை.