ஞாயிற்றுக்கிழமை வராத படகுகள்

மாலத்தீவிலிருந்து திரும்பிய சரக்குத் தோணியில் நான் சமையல்காரன். தூத்துக்குடியை நெருங்கும்போது எஞ்சின் நின்றது. வயர்லெஸ்ஸும் செத்துப்போனது. குடிதண்ணீர் தீர்ந்தது.

தோணியை நடத்திய தண்டல், ஒடிசலான கறுத்த மனிதர். ஞாயிற்றுக்கிழமையானால் நடுக்கடலிலும் வெளுத்த வெள்ளைச் சட்டை போடுவார். அன்றும் போட்டுக்கொண்டு, கரையில் மாதா கோயில் இருந்த திசை பார்த்து முழங்காலிட்டார்.

"மீன்பிடிப் படகு ஒண்ணையும் காணோமே, அண்ணாச்சி?"

"ஞாயித்துக்கிழமை, கோயில்ல பூசை நாளுல்லா? நம்ம ஆளுவ ஒருத்தனும் கடலுக்கு வரமாட்டான்" என்றார், பெருமையாக.

"அப்ப நம்ம கதி?"

"நாளைக்கு வருவானுவ."

தாகத்தில் அவரைக் கடலில் தள்ளிவிடலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை காலையில் வந்த முதல் படகுக்காரர்கள் தண்ணீர்க் கேனை நீட்டினார்கள். தண்டல் அதை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, வெடித்த உதடுகளோடு அவர்களைக் கேட்டார்:

"ஏலே, நேத்து எல்லாரும் பூசைக்குப் போனியளா?"

"போனோம், அண்ணாச்சி."

அதன் பிறகுதான் குடித்தார். இல்லை என்றிருந்தால் என்ன செய்திருப்பாரோ, இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.