மந்திரி செத்த காட்சி

மணிமங்கலத்துக்காரர் அவர். ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் எங்கள் லைனுக்கு சூப்பர்வைசர். திருநெல்வேலியிலிருந்து என்னோடு வந்து, மண்ணூரில் ஒரே அறையில் தங்கியிருந்த தோழியை ஒருநாள் காலை அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். சூப்பர்வைசர்தான் போட்டுக்கொடுத்தார் என்று லைன் முழுக்கப் பேச்சு. நானும் நம்பினேன். அவள் அழுதாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வருட ஆண்டு விழாவுக்கு என்னை நாடகம் எழுதச் சொன்னார்கள். ராஜா காலத்துக் கதை எழுதினேன். துரோகியான ஒரு மந்திரி. அவனைப் பழிவாங்கக் காத்திருக்கும் ஒரு பெண். பேசத் தொடங்கும் முன் எங்கள் சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். மந்திரிக்கு அந்தக் கண்ணாடியைக் கொடுத்தேன். தோளைச் சாய்த்து நடக்கும் நடையைக் கொடுத்தேன். பேக்கிங்கில் வேலை பார்த்த பையன் அச்சு அசலாக நடித்தான்.

விழாவுக்குக் குடும்பங்களும் வந்திருந்தன. மந்திரி கண்ணாடியைத் துடைத்ததும் அரங்கமே அதிர்ந்தது. முன்வரிசையில் சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்த அவருடைய மகளும் கைதட்டிச் சிரித்தாள். ஏழெட்டு வயதிருக்கும்.

கடைசிக் காட்சியில் மந்திரி விஷம் குடித்துத் தரையில் துடிக்க வேண்டும். விசில் பறந்ததால் அந்தப் பையன் சாகாமல் நீட்டிக்கொண்டே போனான். நான் மேடை ஓரத்திலிருந்து பார்த்தேன். குழந்தை இப்போது சிரிக்கவில்லை. அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் என் மெஷினருகே வந்து நின்றார்.

"நல்லா எழுதிக்கீறம்மா. ஆனா கடைசி வரைக்கும் அந்த ஆளு இன்னா தப்பு பண்ணான்னு நீ சொல்லவே இல்லியே."

அப்படியொரு காட்சியை நான் எழுதவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் போய்விட்டார். அந்த மாதமே டிரான்ஸ்ஃபர் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு பிளான்ட்டுக்கு மாறிப் போனதாகச் சொன்னார்கள்.

ஆறு மாதம் கழித்துத் தோழி போனில் பேசினாள். தூக்கக் கலக்கத்தில் பழுதான பீஸ்களை அவளே பாஸ் செய்து அனுப்பியிருக்கிறாள். ஒரு தடவையல்ல.

"ஏட்டி, அவரு என்னய ரெண்டு மட்டம் காப்பாத்துனாரு. மூணாவது மட்டம் கஸ்டமர் கிட்ட இருந்தே திரும்பி வந்துட்டு. அவரு என்ன செய்வாரு?"

நாடகத்தைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை.

அவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மணிமங்கலம் ஒன்றும் தூரமில்லை. இன்று போகலாம், அடுத்த லீவில் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். போகவேயில்லை.

மந்திரி சாகும் அந்தக் காட்சி மட்டும் வீடியோவாக எல்லோருடைய போனிலும் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் யாராவது போடுவார்கள். விசில் சத்தம் கேட்டதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுப்பெண் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்த மந்திரி எப்படிப்பட்டவன் என்று கேட்டாள்.

"ரொம்ப நல்ல மனுசர்" என்றேன்.

நான் கேலி பண்ணுவதாக நினைத்து, அவள் இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.