சீனியின் வெள்ளிக்கிழமை

ஒரு வருஷம் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு விரதம் இருந்தேன். முப்பதாம் நாள், கோயில் மதிலோரம் நின்று சம்பல் வைத்த பணிஸ் ரொட்டி ஒன்றைத் தின்றேன். பாதியில்தான் உள்ளே மாசிக் கருவாடு இருப்பது தெரிந்தது. பசி. மீதியையும் தின்றுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வேலாயி அக்கா விளக்குமாறோடு நிற்கிறார். முதுகைத் திருப்பிக்கொண்டு, கூட்டி முடித்த இடத்தையே இன்னொரு தடவை கூட்டினார். கடைசிவரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அக்கா போய் இரண்டு மாதமாகிறது. முருகன் அவரைத் தன் காலடியில் வைத்திருப்பான்.

மஹய்யாவையில் எங்கள் பக்கத்து வீடு அவருடையது. மாநகர சபையில் இருபத்தெட்டு வருஷம் தெருக் கூட்டினார். புருஷன் முந்தியே தவறிவிட்டார். கூட இருந்தது சீனி என்ற வெள்ளை நாய். விடியற்காலையில் அக்காவோடு வேலைக்குப் போகும், மத்தியானம் தனியாகத் திரும்பி வரும். வெள்ளிக்கிழமை அக்கா சுத்த சைவம், ஆகவே சீனியும் சைவம். தயிர்ச்சோறுதான். "பத்து வருஷமா சீனி வெள்ளிக்கிழமையில மீன் மச்சம் தொட்டதில்ல" என்று ஐயரிடமே சொல்லியிருக்கிறார். ஐயரும் அதற்குத் திருநீறு கொடுத்தார்.

பென்ஷன் வந்தது, முழங்காலும் வீங்கியது. பல்லேகலையில் கார்மெண்டில் வேலை செய்யும் மகள் சிந்துஜா தன்னோடு வரச் சொன்னாள். வாடகை மாடி வீடு. நாய் கூடாது என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"நாய்ங்கள வச்சுப் பாக்குற எடம் இருக்காம்மா. அங்க விட்டுருவோம்."

"நீ பொறந்தப்ப ஒன்னய எங்கயாச்சும் விட்டேனா?"

"நான் நாயாம்மா?"

அக்கா சீனியின் தட்டில் தண்ணீர் ஊற்றினார். ஆனாலும் இடத்தைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சுத்தமான இடம்தான். கூடு கூடாக நாய்கள். ஒன்று மட்டும் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தது. அக்கா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். அங்கிருந்த சிங்கள அம்மா நல்லவர். வயசான நாய் இங்கே வந்தால் சாப்பிடாமல் கிடக்கும், அது ஏற்கனவே போய்வருகிற வீடு ஏதாவது இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள் என்றார்.

"அது எங்கயும் போகாது. நான்தான் அதுக்கு எல்லாம்" என்றார் அக்கா.

இருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமை சீனியை அதன் போக்கில் விட்டு, நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். முதலில் பேக்கரி. "சுது, எண்ட!" – வெள்ளையா, வா – என்று முதலாளி சிங்களத்தில் கூப்பிட்டு மீன் பணிஸ் ஒன்றைப் போட்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அடுத்து மஹ்மூத் நானாவின் இறைச்சிக் கடை. சீனி நேரே பின்வாசலுக்குப் போய் உட்கார்ந்தது.

"இது ஒங்கட நாயா?" என்றார் நானா. "வெள்ளிக்கெழம தவறாது. ஜும்ஆ தொழுகைக்குக் கட மூட முந்தி வந்திரும். நாலு எலும்பு போடாட்டி அசையாது."

"என்னா எலும்பு நானா?"

"மாட்டெலும்புதான். நான் என்ன மீனா விக்கிறேன்?"

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். சீனி எலும்பைக் கடித்துக்கொண்டே வாலாட்டியது. அக்கா அதைப் பார்த்தபடியே, "எத்தன வருஷமா?" என்றார்.

"ஏழெட்டு இருக்கும்."

"அப்ப இது ஒங்க நாயும்தான்" என்று சொல்லிவிட்டு, விஷயம் முழுவதையும் சொன்னார். வீட்டுக்குள் எடுக்க ஏலாது, எலும்புக்குத் தான் பொறுப்பு என்றார் நானா. காலைச் சாப்பாடு பேக்கரியில். படுக்க என் வீட்டுப் பின்பக்கம். சாக்கையும் தட்டையும் அக்காவே கொண்டுவந்து வைத்தார். அந்தச் சிங்கள அம்மாவுக்கு நான் போன் பண்ணி, இடம் வேண்டாம் என்றேன். சந்தோஷப்பட்டார்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி சீனியைப் பார்க்க வருவார். கடைசியாக வந்த அன்று பஸ் நிற்குமிடம் வரை நானும் சீனியும் கூடப் போனோம். எனக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, வெள்ளிக்கிழம நீங்க சொன்ன மாதிரி தயிர்ச்சோறுதான் வைக்கிறேன். திங்குது. ஆனா பதினொரு மணியானா ஆளக் காணோம்."

அக்கா பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"நீ சோத்த வச்சிரு தங்கச்சி. அது எங்க போகுதுன்னு மட்டும் பாக்காத. கூட்டுறதுக்கு ஏதாச்சும் இருக்கும், அந்தப் பக்கம் திரும்பிக் கூட்டு."