பூதத்தின் தலைக்குள் இருந்தவள்

கோட்டைக்குப்பத்தில் ஒரு கல்யாண வீடு. ஏணி மேல் நின்று குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்தது. தேசம்மாவின் சின்னத் தம்பி கஜா.

"அண்ணே, அக்கா பூட்ச்சுண்ணே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்க போச்சு?" என்று கேட்டேன். அவன் அழுதான். மீன் ஏலத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாளாம். மார் வலிக்கிறது என்று குந்தினாளாம். ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "யாருகூட பேசினு இருந்துச்சு?" என்றேன். செத்தவளைப் பற்றிக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் வாயில் அதுதான் வந்தது. "ஒரு வியாபாரிகூட சண்ட போட்டுனு இருந்துச்சுண்ணே" என்றான். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ஏணி மேலேயே அழுதேன். கீழே நின்றவர்கள் கரண்ட் அடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

தேசம்மாவைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். "அமைதியே உருவானவர்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அட பாவிகளா! அவள் அமைதியாக இருந்ததை யாராவது பார்த்திருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த காலத்திலேயே வாத்தியார் அவளைப் பார்த்துத்தான் பிரம்பைக் கீழே வைப்பார். கட்டிய இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்தவள், ஊரில் மீன் விற்றாள். விடிந்ததும் தம்பிகளின் வலையை ஏரியில் இறங்கி அலசிக் கொடுத்தாள். அந்தப் போஸ்டரை அவள் பார்த்திருந்தால் கிழித்துப் போட்டு, அச்சடித்தவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

எல்லாம் தொடங்கியது அந்தக் கொரியப் படத்தில்தான். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று சாயங்காலம் என்னிடம் ஒரு படம் போடச் சொன்னார்கள். தமிழ் பேசுகிற படம் என்று ஒருவன் கொடுத்ததை நம்பித் திரையில் போட்டேன். அதில் எல்லோரும் கொரிய மொழியில் கத்துகிறார்கள். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடுகிறது. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். நான் படத்தை நிறுத்தப் போனேன். தேசம்மா எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். "நிறுத்தாதடா மைக்செட்டு. கத எனக்குப் புரியுது" என்றாள்.

ஆற்றில் கொட்டிய விஷத்தில் ஒரு பூதம் வளர்கிறது. அது ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிப் போகிறது. அவளை மீட்கக் கிளம்புவது, எந்நேரமும் சண்டை போடுகிற ஒரு குடும்பம். பூதத்தைப் பிடிக்க வேண்டிய அதிகாரிகளோ அந்தக் குடும்பத்தைத் துரத்துகிறார்கள். இவ்வளவுதான் கதை. தேசம்மா எல்லோருக்கும் குரல் கொடுத்தாள். முகமூடி போட்ட ஒரு அதிகாரி திரையில் வந்து ஏதோ நீட்டி முழக்கியபோது அவள் பேசினாள்: "அன்பார்ந்த பொதுமக்களே, தண்ணி சுத்தமா கீது. மீனுதான் கலீஜா கீது. அத்த சோப்பு போட்டு கழுவச் சொல்லி உத்தரவு போட்டுகீறோம்." ஊரே உருண்டு சிரித்தது. எங்கள் ஏரிக் கரையில் இருக்கும் இறால் கம்பெனியின் கழிவு கால்வாய் வழியே இறங்க ஆரம்பித்த பிறகு, மீன் செத்து மிதந்தது. பாட்டிலில் தண்ணீர் பிடித்துப்போக வந்த ஒரு அதிகாரி வெயில் அதிகம், அதனால் மீன் சாகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சிரித்தவர்கள் எல்லோரும் அவர் வந்தபோது கை கட்டி நின்றவர்கள்.

திரையிலிருந்த குடும்பத்துக்கு அவள் வைத்த பெயர்கள் இன்னும் மோசம். தன் தம்பிகள் பெயரையே வைத்துவிட்டாள். பெரியவன் எத்திராஜ், சின்னவன் கஜா. அவர்கள் அப்பா விட்டுப்போன ஒரு படகு இன்ஜினுக்காக இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி வருஷக் கணக்காயிற்று. வீடு ஒட்டுச் சுவர். ஆனாலும் ஒருவன் இன்னொருவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அக்காவிடம்தான் வந்து சொல்வான். அன்றைக்குக் கூட்டத்தின் இந்தக் கோடியில் ஒருவன், அந்தக் கோடியில் ஒருவன். மைக்கில் அக்கா கத்துகிறாள்: "டேய் எத்திராஜு, பூதம் புள்ளைய தூக்கினு போவுது, நீ இன்னாடா இன்னும் இன்ஜினுக்கு பெட்ரோல் யாரு போடறதுன்னு நின்னுனுகீற?" இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பூதம் கிட்டத்தில் வந்து வாயைத் திறந்தபோது மட்டும் அவள் வேடிக்கை பேசவில்லை. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அது பசில கத்தல. வலில கத்துது." முன்வரிசையிலிருந்த பிள்ளைகள் அழுதன.

கம்பெனி இன்னும் பெரிதாகப் போகிறது, கழிவுக் குழாயை நேராக ஏரிக்குள்ளேயே இறக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது அதற்கப்புறம்தான். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், கல்யாண மண்டபத்தில். குழாய் இறங்கினால் எங்களுக்கு ஏரி இல்லை. ஏரி இல்லையென்றால் எங்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் கூட்டத்துக்கு ஆள் வராது என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஏரியில் யார், எந்த இடத்தில், என்றைக்கு வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரிக்கும். அதைப் பாடு என்போம். தன் பாட்டை விட்டால் விட்டதுதான், சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். கூட்டத்துக்காக ஒரு நாள் தொழிலை நிறுத்தச் சொல்லி தேசம்மா ஊர்ப் பெரியவரிடம் கேட்டாள். "சாவு விழுந்தாத்தான் வல எறங்காதும்மா. மீட்டிங்குக்கெல்லாம் நிறுத்தற வழக்கம் இல்ல" என்றார் அவர். "சரி நைனா" என்று சொல்லிவிட்டு அவள் வந்துவிட்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம்தான்.

கூட்டத்தன்று விடியற்காலையில் மைக்செட்டைக் கரைக்குக் கொண்டு வரச் சொன்னாள். போனால், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஏரியைப் பார்த்துக் குந்தியிருக்கிறாள். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். ஏரிக்கு! தன்னைப் பெற்றவளே போய்விட்ட மாதிரி. படகில் ஏறியவர்கள் இறங்கினார்கள். மற்றப் பெண்களும் வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னா தேசம்மா இது? உசுரோட கீற ஏரிக்கு சாவு சொல்றியா?"

"மோந்து பாரு நைனா. மோந்து பாத்துட்டு உசுரு கீதான்னு நீயே சொல்லு."

காற்று அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. பெரியவர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார். ஒப்பாரி எழுந்துவிட்ட நாளில் எங்கள் ஊரில் வலை இறங்காது. அவரால் என்ன செய்ய முடியும்? "வலைய ஏத்துங்கடா" என்றார். ஊரே மண்டபத்துக்குக் கிளம்பியது.

பூதம் தயாராக இருந்தது. படத்தில் வந்ததைப் போலவே, ஒரு வாரமாக அவள் வீட்டுக்குப் பின்னால் கட்டிய வேஷம். கிழிந்த நைலான் வலை, தெர்மாகோல் மிதவை, உடைந்த பைபர் படகின் ஓடு எல்லாம் அதில் இருந்தது. வாய்க்கு ஓட்டை ஐஸ் பெட்டி, திறந்து மூடும். தலைக்குள் தேசம்மா, நடுவில் எத்திராஜ், வாலில் கஜா. பூதத்துக்குத் தம்பிகளைத் தவிர வேறு ஆள் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

மண்டப வாசலில் பூதம் சிக்கிக்கொண்டது. தலை வலது பக்கம் திரும்புகிறது, வால் இடது பக்கம் போகிறது. உள்ளேயிருந்து கஜாவின் குரல்: "அக்கா, அவன்கிட்ட சொல்லு, லெப்ட்ல வரச் சொல்லு." அவனுக்கு ஒரு சாண் முன்னால் எத்திராஜ்: "அக்கா, அவன கண்ண தொறந்து நடக்கச் சொல்லு." தலைக்குள்ளிருந்து தேசம்மா: "பூதத்துக்குள்ள குந்தினு கூட நான்தான்டா உங்களுக்கு தூது போவணுமா? தூ!" வாசலில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எத்திராஜ் நேராகவே கத்தினான்: "கால மிதிக்காதடா கஜா!" "நீ எட்டி வைய்யிடா அண்ணா!" என்றான் கஜா. அதற்கப்புறம் பூதம் நேராக நடந்தது.

மேடையிலிருந்த அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரும்மா இது? கருத்து சொல்றவங்க பேர், ஊர் சொல்லணும். வேஷமெல்லாம் கூடாது" என்றார். ஐஸ் பெட்டி திறந்தது. மண்டபத்துக்கும் மைக்செட் நான்தான்; மைக்கை அதன் வாய்க்குள் நீட்டினேன்.

"பேரு பூதம். ஊரு பழவேற்காடு ஏரி. பொறந்தது உங்க கால்வாயில. இன்னும் ஜாஸ்தியா பால் ஊத்தப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் பெத்தவங்கள பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மண்டபம் அதிர்ந்தது. கம்பெனி ஆட்கள் எழுந்து நின்றார்கள். யாரோ அவளை வெளியே இழுக்கப் பார்த்தார்கள். அப்போது அவள் தலையைக் கழற்றிக் கீழே வைத்தாள். வியர்வையில் நனைந்த முகம். சேலையை முழங்கால் வரை தூக்கினாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். வலை அலசி அலசிக் கையும் காலும் வெடித்துத் தோல் உரிந்து கிடந்தது. அவளை அன்றாடம் பார்க்கிற நானே அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. "வேஷத்த கயட்டிட்டேன். இத்த எப்டி கயட்டறதுன்னு சொல்லுங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த அதிகாரி தன் முன்னாலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அரசு வேலைக்கு இடைஞ்சல் செய்ததாக அவள் மேல் வழக்குப் போட்டார்கள். "பூதத்து மேல போட்டாங்களா, என் மேல போட்டாங்களா, கேட்டுச் சொல்லு" என்று வக்கீலிடம் கேட்டு அவரையும் சிரிக்க வைத்தாள்.

அன்றைக்கு மண்டபத்திலிருந்து திரும்பும்போது கரையில் வரிசையாக ஏற்றிக் கிடந்த படகுகளைக் காட்டிச் சொன்னாள்: "பாத்தியா, ஒரு சாவுக்கு எம்மாம் ஆளு. நான் பூட்டேன்னா அன்னிக்கும் தொழில் நிக்குமில்ல? அந்த நாள வீணாக்கிடாதீங்கடா." வாயைக் கழுவு என்று திட்டினேன். தம்பிகள் இரண்டு பேரும் பக்கத்தில்தான் இருந்தார்கள். அவர்கள் மறக்கவில்லை.

அவள் போன அன்று வலை இறங்கவில்லை. பக்கத்து ஊர் பசியாவரத்திலிருந்தும் படகில் வந்திருந்தார்கள். எங்கள் ஊரில் பிணத்தைத் தூக்கிப் போகும்போது பாதி வழியில் பாடையை இறக்கி வைத்து, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்குவோம். வழக்கமாக அது தோப்பு முனையில் நடக்கும். அன்றைக்குத் தோப்பு முனையில் எத்திராஜ் நிற்கவில்லை. இடது பக்கம் திரும்பினான். பின்னால் தோள் கொடுத்திருந்த கஜா ஒரு வார்த்தை கேட்காமல் கூடவே திரும்பினான். தெருமுனையோடு நின்றுவிடுகிற பெண்களும் நிற்கவில்லை. மேளத்தோடு போய்க் கம்பெனி கேட்டுக்கு முன்னால் அக்காவை இறக்கி வைத்தார்கள்.

கேட் காவலாளி பதறிக்கொண்டு வந்தார். "இங்க ஏன் எறக்கறீங்க?" என்றார். பதில் சொன்னவர் ஊர்ப் பெரியவர்: "பாதி வழில எறக்கணும்னுதான் வழக்கம் சொல்லுது. எந்த வழின்னு சொல்லல." உள்ளேயிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். கஜா தோள் துண்டை எடுத்துத் தரையில் விரித்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். "எங்க அக்கா எழுந்திருக்கற வரிக்கும்" என்றான். ஊரே உட்கார்ந்தது. பொழுது சாய்கிறவரை அந்தக் கேட் திறக்கவில்லை. ஒரு வண்டி உள்ளே போகவில்லை, வெளியே வரவில்லை. அதற்கப்புறம்தான் அவளைத் தலைமாடு மாற்றித் தூக்கினோம்.

தேசம்மா போய்விட்டாள், இனி சத்தம் இருக்காது என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒத்திவைத்த கூட்டத்துக்கு மறுபடி தேதி குறித்து அறிவிப்பு ஒட்டியாயிற்று. அதே மண்டபம். போன தடவை மாதிரி மைக்செட் வாடகை எனக்கு இல்லையாம், வெளியூரிலிருந்து கொண்டு வருகிறார்களாம். வரட்டும்.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். பூதத்தின் தலை. கடையில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு மேல் வைத்திருக்கிறேன். உள்ளே அவளுடைய தேங்காய் எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. வலைக் கண்ணியில் அவள் முடி ஒன்று சிக்கியிருக்கிறது, அதை நான் எடுக்கவில்லை. நடுவுக்கு எத்திராஜ், வாலுக்கு கஜா, இரண்டு பேரும் சேர்ந்தே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நேற்று கடைக் கதவைச் சாத்திவிட்டுத் தலையைப் போட்டுப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது.