பெட்டி மேல் கிடைத்த ராணி

"மேடம், இது கிரேஸி எறும்பு இல்லேண்ணு ஒரு பேப்பர் எழுதித் தரணும்."

கிறிஸ்துதாஸ் வாசலில் நின்று கேட்டது இப்படித்தான். கருங்கல் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்துப் பிழைப்பவர், என் தம்பி வயது. நான் பூச்சி அடையாளம் காணும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெயரை முடிவு செய்துவிட்டுப் பூச்சியைக் கொண்டுவருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாத்துச் சொல்லணுமா, எழுதித் தரணுமா? எதுக்காக்கும் வந்திருக்க?" என்றேன்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். தோட்டக்காரர் செல்லத்துரையிடம் பால்வெட்ட வருகிறவர்கள் முறையிட்டிருக்கிறார்கள். எறும்பு மேலே ஏறி, அது பீய்ச்சுகிற நீர் கண்ணில் பட்டு எரிகிறதாம். கிரேஸி எறும்பு, படைபடையாகப் பரவுகிற அந்த மஞ்சள் எறும்பு, என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"நாளைக்குத் தோட்டம் முழுக்க மருந்துப் பொடி தூவப் போறாராம். தூவினா எனக்க ஈ ஒண்ணு மிஞ்சாது மேடம்."

பங்குனி மாதம். ரப்பர் தளிரில் தேன் ஊறுகிற காலம் இதுதான். இதை விட்டால் அவருக்கு அந்த வருடமே போச்சு.

தேனீ ராணியை அடைக்கிற சின்னக் கூண்டில் ஓர் எறும்பு ராணியைக் கொண்டுவந்திருந்தார். முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. இறகு உதிர்ந்து, தோளில் அதன் அடி மட்டும் மிச்சமிருந்தது.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ராணிகளை நிறத்தை வைத்தும் பருமனை வைத்தும் சொல்லக் கூடாது. இறகைத் தாங்குவதற்காக எல்லா ராணிக்கும் தோள் பருத்திருக்கும், பார்க்க ஒன்றுபோலத்தான் தோன்றும். நான் எண்ணுவது உணர்கொம்பின் கணுக்களை. கிரேஸி எறும்புக்குப் பதினொன்று. இதற்குப் பன்னிரண்டு இருந்தது. கொம்பு முளைக்கிற குழியும் வாய்க்கு மேலுள்ள தகட்டைவிட்டு நன்றாகத் தள்ளியிருந்தது.

"கம்போனோடஸ், கட்டெறும்பு வகை. கிரேஸி எறும்பு இல்ல," என்றேன். "ஜீனஸ்தான் சொல்ல முடியும். ஸ்பீசீஸ் வேணும்னா இவள டெஸ்ட் டியூப்ல ஈரப் பஞ்சோட வச்சு, முதல் வேலைக்காரி எறும்பு வாறது வரைக்கும் பொறுக்கணும். இனம் பாக்குறதுக்கு எங்க கிட்ட உள்ள கீ எல்லாம் வேலைக்காரிய வச்சு எழுதினது."

"அந்தப் பேரு எனக்கு எதுக்கு? இல்லேண்ணு எழுதுங்கோ, போரும்."

நானும் பேனாவை எடுத்துவிட்டேன். லேபிளில் இடம் எழுதுகிற பழக்கத்தில், "எங்கண கிட்டிச்சு?" என்றேன்.

"பெட்டிக்க மேல. பெட்டில எறும்பு ஏறிட்டு இருக்கு. ராணியும் அங்கதான் இருந்தா. பின்னே அதுக்க ராணிதானே?"

பேனாவை மூடினேன். தேன்பெட்டிக்காரருக்கு அது சரியான கணக்கு. பெட்டியில் ராணி இருந்தால் அது அந்தப் பெட்டியின் ராணி. எறும்பு ராணி அப்படியில்லை. மழை விட்டதும் எங்கிருந்தோ பறந்து வந்து எங்கேயும் விழும். பெட்டியில் ஏறுகிற எறும்புக்கும் இவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமலிருக்கலாம்.

"ஏறுகதுல நாலெண்ணம் புடிச்சிட்டு வந்தியா?"

"ராணி கிட்டின பெறவு வேலைக்காரி எதுக்கு மேடம்?"

அவருடைய பைக்கில் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். கை லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை. பெட்டிக் காலில் மஞ்சள் எறும்பு, நீளக் காலும் நீளக் கொம்புமாக, வரிசையில்லாமல் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒன்றைப் பிடித்துக் கணுவை எண்ணினேன். பதினொன்று.

கிறிஸ்துதாஸ் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்தி, "நான் கொண்டுவந்த ராணிக்கு மட்டும் எழுதித் தாருங்கோ. அது பொய் இல்லியே," என்றார்.

பொய்யில்லைதான். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. அவர் நிலைமையை நினைத்து வருத்தமாகவும் இருந்தது. "எழுதமாட்டேன். பெட்டியத் தூக்கு, அடிய பாக்கணும்," என்றேன்.

தூக்கினார். அடிப்பலகைக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே எறும்பு கொத்துக்கொத்தாக இருந்தது. நடுவில் பழுப்பு நிறத்தில் பருத்த எறும்புகள், இங்கே மூன்று, அங்கே நான்கு, மூலையில் இன்னும் சில.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மேடம், இதுல ராணி எது?"

"அந்தப் பெருசு எல்லாமே ராணிதான்."

செல்லத்துரை அதற்குள் வந்துவிட்டார். கிரேஸி எறும்புதான் என்று நானே சொன்னேன். பொடி தூவினால் வெளியே ஓடுகிற எறும்பும் தேனீயும் சாகும், அடியிலிருக்கிற ராணிகள் மிஞ்சும், ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும், எறும்பே ராணிக்குக் கொண்டுபோய் ஊட்டுகிற விஷத்தீனிதான் வழி என்பதையும் சொன்னேன். அவர் முணுமுணுத்தார்.

"மேடம் சொல்லுகதுனால பொறுக்கேன். பெட்டியச் சுத்தம் பண்ணட்டு. பெறவு விஷத்தீனி வைக்கலாம். ஆனா ஒரு பெட்டியும் இஞ்சேருந்து வேற தோட்டத்துக்குப் போகக் கூடாது. பெறவு அந்தத் தோட்டக்காரனும் எனக்க மேல சண்டைக்கு வருவான்."

பெட்டி பிழைத்தது என்று எனக்கு நிம்மதி. கிறிஸ்துதாஸ் மட்டும் தலையில் கை வைத்து, அப்படியே ஒரு ரப்பர் மரத்து மூட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"பொடிக்குப் பயந்து நேத்தே நாலு பெட்டிய பூதப்பாண்டிக்குக் கொண்டு போயிட்டேன் மேடம். தங்கச்சி மாப்பிள தோப்புல இருக்கு."

"ஸ்டாண்டோடயா?"

தலையை ஆட்டினார். போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தவர் உற்சாகமாக இருந்தார்.

"மச்சான், நானே கூப்பிடணும்ணு இருந்தேன். பெட்டிக்க அடில எறும்பு இருந்துச்சு கேட்டியளா. பயப்படாதீங்கோ, ராணியப் புடிச்சு நசுக்கியாச்சு."

கிறிஸ்துதாஸ் என்னைப் பார்த்தார். பிறகு போனில் மெதுவாகக் கேட்டார்.

"எத்தன ராணி, மக்கா?"

"எத்தனையா? ஒண்ணுதான். ராணி எத்தன இருக்கும்?"